அவசரம் என்று சொன்னால் போதுமா?

அலுவலக மேசையில் இருக்கும் ஐபி போனைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் இரண்டு கேபிள் துளைகள் தெரியும். ஒன்றிலிருந்து வயர் சுவருக்குப் போகும், இன்னொன்றிலிருந்து மேசைக் கம்ப்யூட்டருக்கு. சுவருக்குள் நுழையும் அந்த ஒற்றை வயரில்தான் போனில் பேசுகிறவரின் குரலும், கம்ப்யூட்டரிலிருந்து மேலேறிக்கொண்டிருக்கும் ஃபைலும் சேர்ந்து போகின்றன. மறுமுனையில் உள்ள சுவிட்சுக்கு எல்லாமே பாக்கெட்டுகள். எது குரல், எது ஃபைல் என்று கண்டுபிடிக்க அது பெரிதாகப் பாடுபட வேண்டியதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் தன் தலைப்பிலேயே, தான் எவ்வளவு முக்கியம் என்று ஓர் எண்ணைச் சுமந்துகொண்டு வரலாம். அந்த எண்ணை நம்பலாமா என்பதுதான் கேள்வி.

குரலுக்கு ஏன் தனிச் சலுகை வேண்டும் என்பதை முதலில் கணக்காகப் பார்த்துவிடலாம். தொலைபேசி உலகின் பழைய தரமான ஜி.711 முறையில் பேச்சை 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி அனுப்புவது வழக்கம். செகண்டுக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட், அதற்கு மேல் முகவரி முதலிய தலைப்புகள் 40 பைட். பெருக்கிப் பார்த்தால் ஒரு திசைக்கு 80 கிலோபிட் வேகம் போதும். கிகாபிட் வயரில் இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் குரல் நேரத்துக்கு வந்தாக வேண்டும். பேசுகிறவர் வாயிலிருந்து கேட்கிறவர் காதுவரை ஆகும் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குத் தொந்தரவு இருக்காது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. அதற்கு மேல் போகப்போக இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

இப்போது ஒரு கிளை அலுவலகத்திலிருந்து தலைமை அலுவலகத்துக்கு 10 மெகாபிட் இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். யாரோ பேக்கப் போட்டுவிட்டார்கள். ரவுட்டரின் வாசலில் 1500 பைட் பாக்கெட்டுகள் நூறு வரிசையில் நிற்கின்றன. அவை எல்லாம் வெளியேற 120 மில்லிசெகண்ட் ஆகும். பின்னால் வந்து நிற்கும் குரல் பாக்கெட்டின் மொத்த நேரத்தில் பெரும்பங்கை இந்த ஒரு வாசலே தின்றுவிட்டது. பேக்கப்புக்கோ அந்த 120 மில்லிசெகண்ட் தெரியவே தெரியாது. ஒரு பாக்கெட் தொலைந்தாலும் டிசிபி மறுபடி அனுப்பிக்கொள்ளும். குரலில் அப்படி முடியாது. காதுக்குப் போக வேண்டிய கணம் கடந்தபின் வரும் துண்டைத் தூக்கியெறிவதைத் தவிர வேறு வழி இல்லை.

வேகத்தைக் கூட்டினால் பிரச்சினை ஓடிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். குறையும், முழுக்கப் போகாது. 24 கிகாபிட் போர்ட்டுகள் உள்ள சுவிட்ச் ஒன்று மேல்மாடிச் சுவிட்சோடு ஒரே கிகாபிட் வயரில் இணைந்திருப்பது சர்வசாதாரணம். 24 பேரும் எப்போதும் முழு வேகத்தில் அனுப்புவதில்லை என்ற நம்பிக்கையில் அப்படிக் கட்டுகிறார்கள். சராசரியாகப் பார்த்தால் அந்த வயர் பாதிகூட நிரம்பியிருக்காது. ஆனால் ஓரிரு மில்லிசெகண்டுக்கு மூன்று பேர் சேர்ந்து கொட்டினால் வரிசை உண்டாகிவிடும், நினைவகம் நிரம்பினால் பாக்கெட்டுகள் விழும். ஐந்து நிமிடச் சராசரியைக் காட்டும் வரைபடத்தில் இது தெரியாது. போனில் பேசியவருக்குத்தான் தெரியும்.

ஆகவே சுவிட்சின் வெளிவாசலில் ஒரு வரிசைக்குப் பதில் நான்கோ எட்டோ வரிசைகள் வைக்கிறார்கள். அவற்றில் ஒன்றுக்கு முழு முன்னுரிமை. அதில் பாக்கெட் இருக்கும்வரை மற்றவை காத்திருக்க வேண்டும். அந்த வரிசையில் தனியாக வந்து நிற்கும் குரல் பாக்கெட், ஏற்கெனவே வயரில் ஏறத் தொடங்கிவிட்ட ஒரு பாக்கெட் முடியும்வரை மட்டும் நின்றால் போதும். கிகாபிட் வேகத்தில் 1500 பைட் போக 12 மைக்ரோசெகண்ட். மில்லிசெகண்டுகளில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு இங்கே மைக்ரோசெகண்டுக்கு இறங்கிவிட்டது. எந்தப் பாக்கெட் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்பதைத்தான் தலைப்பில் உள்ள எண் சொல்கிறது.

அந்த எண் இரண்டு இடங்களில் இருக்கலாம், இரண்டின் குணமும் வேறு. முதலாவது ஈதர்நெட் தலைப்புக்குள் செருகப்படும் 4 பைட் பட்டை. 802.1கியூ என்ற தரம் வகுத்தது. அதன் முதல் 16 பிட்டுகள் 'இது பட்டை' என்று அறிவிக்கும் அடையாளம். அடுத்த 3 பிட்டுகள்தான் முன்னுரிமை. பிறகு ஒரு பிட், நெரிசலில் முதலில் கைவிடத் தக்கதா என்று சொல்ல. மீதி 12 பிட்டுகள் விலான் எண். மூன்று பிட்டில் 0 முதல் 7 வரை எட்டு நிலைகள் கிடைக்கும். இதில் ஒரு வினோதம், 1 என்பது 0-ஐ விடத் தாழ்ந்தது. எதுவும் குறிக்காமல் வரும் சாதாரணப் பாக்கெட்டுக்கு 0 என்று ஏற்கெனவே வழக்கமாகிவிட்டதால், சாதாரணத்துக்கும் கீழான பின்னணி வேலைகளுக்கு 1-ஐக் கொடுத்தார்கள். இந்தப் பட்டைக்கு ஆயுள் குறைவு. கம்ப்யூட்டருக்குச் செல்லும் சாதாரணப் போர்ட்டில் அதைக் கழற்றிவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். ரவுட்டரைத் தாண்டும்போது ஈதர்நெட் தலைப்பே புதிதாக எழுதப்படுகிறது.

இரண்டாவது எண் ஐபி தலைப்புக்குள் இருக்கிறது. வழியில் யாரும் கைவைக்காதவரை கடைசிவரை கூடவே போகும். 1981 செப்டம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791, அதாவது நான்காம் பதிப்பு ஐபி நெறிமுறையை வரையறுத்த ஆவணம், இதற்கென ஒரு பைட்டை ஒதுக்கியது. அதன் முதல் மூன்று பிட்டுகளுக்கு அது வைத்த பெயர்களைப் படித்தால் 'ரொட்டீன்', 'பிரையாரிட்டி', 'இமீடியட்', 'ஃபிளாஷ்', 'ஃபிளாஷ் ஓவர்ரைட்' என்று போகும். அமெரிக்க ராணுவத் தந்திகளின் அவசர வகைகள் அவை. இணையம் யாருடைய பணத்தில் பிறந்தது என்பது அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. 1998 டிசம்பரில் ஆர்எஃப்சி 2474 அதே பைட்டை மாற்றி வகுத்தது. மூன்று பிட்டுக்குப் பதில் ஆறு பிட், அதாவது 64 மதிப்புகள். டிஎஸ்சிபி என்று இன்று நெட்வொர்க்காரர்கள் சொல்வது இந்த ஆறு பிட்டைத்தான். குரலுக்கு 46 என்பது நிலைபெற்றுவிட்ட வழக்கம். இருமத்தில் 101110. இதன் முதல் மூன்று பிட்டை மட்டும் பார்க்கும் பழைய கருவிக்கு அது 5 என்று தெரியும். பட்டையில் குரலுக்கு வழக்கமாக இடும் எண்ணும் 5 தான். பழையதும் புதியதும் ஒத்துப்போகும்படி யோசித்து வைத்திருக்கிறார்கள்.

இனிதான் விஷயமே. இந்த எண்ணை எழுதுவது யார்? பாக்கெட்டை அனுப்புகிற கருவிதான். 46 என்று எழுத அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டாம். லினக்ஸில் ஒரு சாதாரணப் பயனர் எழுதும் நிரல்கூட ஒரே வரியில் அதைச் செய்துவிடும். காரின் முன்கண்ணாடியில் 'பத்திரிகை', 'வழக்கறிஞர்' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்வதைப் போலத்தான்: ஸ்டிக்கர் கடையில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை, கேட்க வேண்டியவர் சாலையில் நிற்பவர். ஒரு படம் இறக்கும் மென்பொருள் தன் பாக்கெட்டுகள் அனைத்திலும் 46 என்று எழுதிவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு நம்பும் சுவிட்ச் அவற்றை எல்லாம் குரலின் வரிசையில் நிறுத்தும். குரல் பாக்கெட்டுகளுக்கு இருந்த தனிப்பாதை அன்றோடு போயிற்று. மற்ற வரிசைகள் பட்டினி கிடக்கும்.

இந்த ஆபத்து தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. 1981-இன் அதே ஆவணம், இந்த முன்னுரிமைக் குறிகளை யார் பயன்படுத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்துவது அந்தந்த நெட்வொர்க்கின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. 1980களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் என்எஸ்எஃப்நெட் முதுகெலும்பு 56 கிலோபிட் இணைப்புகளில் மூச்சுத் திணறியபோது, அதன் ரவுட்டர்களுக்கு மென்பொருள் எழுதிய டேவிட் மில்ஸும் உடன் இருந்தவர்களும் தொலைவிலிருந்து கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்பவர்களின் டெல்நெட் பாக்கெட்டுகளை ஃபைல் பரிமாற்றங்களுக்கு முன்னால் விட்டார்கள். தட்டிய எழுத்து உடனே திரையில் வந்தது, நெரிசல் தாங்கக்கூடியதாயிற்று. பயனர்களுக்கு இதை அறிவிக்கவில்லை. தெரிந்திருந்தால் ஃபைல்களும் டெல்நெட் வேடம் போட்டிருக்கும். ரகசியம் ஒருபோதும் நெடுநாள் தாங்கும் பாதுகாப்பு ஆகாது என்பதால், பின்னால் வந்தவர்கள் வேறு ஏற்பாட்டுக்குப் போனார்கள்: நம்பிக்கைக்கு ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்கு உள்ளே இருப்பவர்களின் குறிகளைக் கேள்வி கேட்காமல் ஏற்பது, கோட்டைக் கடந்து வரும் இடத்தில் மட்டும் சோதிப்பது. 1998-இன் ஆர்எஃப்சி 2475 இந்தக் கட்டமைப்பை விரிவாகவே வரைந்தது. ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு பாக்கெட்டையும் விசாரிக்க வேண்டியதில்லை. விளிம்பில் ஒருமுறை விசாரித்தால் நடுவில் உள்ளவை வேகமாக வேலை பார்க்கலாம்.

அந்தக் கோடு உண்மையில் வரையப்படுவது சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டிலும். நம்பாத போர்ட்டில் பாக்கெட் என்ன எண்ணோடு வந்தாலும் அது செல்லாது. அந்தப் போர்ட்டுக்கென்று நிர்வாகி வைத்த முன்னுரிமைதான், பெரும்பாலும் 0, அதற்குக் கிடைக்கும். நம்பும் போர்ட்டில் எண்ணைப் படித்து, ஓர் அட்டவணையில் தேடி, அதற்குரிய வரிசையில் போடும். எந்த எண்ணை நம்புவது என்பதையும் சொல்லியாக வேண்டும், பட்டையில் உள்ளதையா, ஐபி தலைப்பில் உள்ளதையா என்று. பலர் தடுக்கி விழும் இடம் இது. பட்டையை நம்பு என்று சொன்ன போர்ட்டில் பட்டையே இல்லாமல் பாக்கெட் வந்தால்? சாதாரணக் கம்ப்யூட்டர்கள் அனுப்புவது அப்படித்தான். டிஎஸ்சிபியை நம்பு என்று சொன்ன போர்ட்டில் ஏஆர்பி போல ஐபி தலைப்பே இல்லாத பாக்கெட் வந்தால்? இரண்டிலும் படிக்க ஒன்றும் இல்லை. அப்போதும் போர்ட்டின் சொந்த முன்னுரிமைதான் கைகொடுக்கும். நம்பும் போர்ட்டுக்கும் அந்த எண்ணை யோசித்து வைக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நம்பாத போர்ட்டில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாக்கெட்டின் எண்ணைப் புறக்கணிப்பது வேறு, அழிப்பது வேறு. சில சுவிட்சுகள் உள்ளே தாழ்ந்த வரிசையில் போட்டாலும் தலைப்பில் உள்ள 46-ஐத் தொடாமல் அனுப்பிவிடும். அடுத்த சுவிட்ச் நம்பும் நிலையில் இருந்தால் பொய் அங்கே பலித்துவிடும். சில சுவிட்சுகள் 0 என்று திருத்தி எழுதிவிட்டே அனுப்பும். எல்லைக்கோடு உறுதியாக நிற்க வேண்டுமானால் இரண்டாவதுதான் தேவை. நம் சுவிட்ச் எதைச் செய்கிறது என்பதைக் கையேட்டில் படித்துவிட வேண்டும்.

மேசையில் இருந்த போனுக்கு வருவோம். ஒரே போர்ட்டில் நம்பத் தக்கதும் நம்பத் தகாததும் சேர்ந்து வருகின்றனவே, என்ன செய்வது? சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 3750 தலைமுறைச் சுவிட்சுகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. அந்த நிறுவனத்தின் போன்கள் சிடிபி என்ற செய்தி வழியாகத் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும். அறிமுகம் கேட்டதும் சுவிட்ச் அந்தப் போர்ட்டை நம்பத் தொடங்கும்; போனைக் கழற்றிவிட்டுக் கம்ப்யூட்டரை நேரே சொருகினால் நம்பிக்கை விலகிவிடும். கம்ப்யூட்டரிலிருந்து பட்டையோடு வரும் பாக்கெட்டின் முன்னுரிமையை 0 ஆக்கிவிடும்படி போனுக்கே உத்தரவு போகும். அதாவது எல்லைக்கோடு சுவிட்சிலிருந்து நகர்ந்து போனுக்குள் போய்விடுகிறது, அந்த இரண்டு துளைகளுக்கு நடுவே. அழகான ஏற்பாடு. ஆனால் சிடிபி அறிமுகத்துக்கு முத்திரையோ கடவுச்சொல்லோ கிடையாது. ஒரு மென்பொருள் போனைப் போலப் பேசிக் காட்டினால் சுவிட்ச் நம்பிவிடும். தவறுதலாக நடப்பதைத் தடுக்க இது போதும், வேண்டுமென்றே செய்பவரைத் தடுக்கப் போதாது.

இதே கேட்டலிஸ்ட் சுவிட்சுகளில் இரண்டு இயல்புநிலைகள் எத்தனையோ பொறியாளர்களின் இரவுத் தூக்கத்தைக் கெடுத்தன. முதலாவது, வாங்கி வைத்தவுடன் முன்னுரிமை வசதி அணைந்திருக்கும். அப்போது குறிகள் எதுவும் மாறாமல் கடந்து போகும். குரல் தேறட்டும் என்று 'எம்எல்எஸ் கியூஓஎஸ்' என்ற கட்டளையைத் தட்டியதும் வசதி உயிர்பெறும்; கூடவே எல்லாப் போர்ட்டுகளும் நம்பாத போர்ட்டுகள் ஆகிவிடும். போன் எழுதிய 46 அங்கேயே 0 ஆகும். அந்தக் குறியை நம்பி குரலுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்த ரவுட்டர் இப்போது பேக்கப்போடு குரலையும் ஒரே வரிசையில் நிறுத்தும். குரலைச் சரிசெய்யப் போய்க் குரல் கெடும். எந்த விளக்கும் சிவப்பாக எரியாது.

இரண்டாவது இன்னும் நுண்ணியது. போர்ட் பட்டையை நம்பும்படி இருந்தால், பட்டையில் உள்ள 5-ஐ வைத்து டிஎஸ்சிபி எண்ணைச் சுவிட்ச் தானே கணக்கிட்டு எழுதும். அதற்கான அட்டவணை எட்டின் வாய்ப்பாடு: 1-க்கு 8, 2-க்கு 16, 5-க்கு 40. குரலின் எண் 46. போன் சரியாக 46 என்று எழுதி அனுப்பியிருந்தாலும் வெளியே வருவது 40. ரவுட்டரோ 46-ஐ மட்டுமே எதிர்பார்த்து நிற்கும். அட்டவணையில் அந்த ஓர் இடத்தில் 40-ஐ 46 என்று திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும். இதைப் பிடிக்க நிச்சயமான வழி, சுவிட்சுக்கு முன்னும் பின்னும் வயர்ஷார்க் வைத்து ஒரே அழைப்பின் பாக்கெட்டுகளைப் பிடித்துப் பார்ப்பதுதான். உள்ளே போன எண்ணும் வெளியே வந்த எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் விவாதத்துக்கு இடமில்லை. பிற்காலத்தில் வந்த கேட்டலிஸ்ட் 9000 வகைகள் நேர்மாறான இயல்புநிலையோடு, நம்புவதில் தொடங்கின. எது சரி என்று கேட்டால், எதுவும் சொல்லாமல் குறிகளை அழிப்பதைவிட இது மேல் என்பேன். ஆனால் பொதுமக்கள் சொருகும் போர்ட்டுகள் உள்ள நூலகம், கல்லூரி விடுதி போன்ற இடங்களில் அதை அப்படியே விட்டுவைக்கக் கூடாது.

போன் வைத்த மேசைகள் குறைந்துவருகின்றன. டீம்ஸ், ஜூம் வழியாகக் கம்ப்யூட்டரிலேயே பேசுகிறோம். நம்பத் தகாதது என்று ஒதுக்கி வைத்த கம்ப்யூட்டரிலிருந்தே இப்போது குரல் வருகிறது. போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே வரைந்த கோட்டுக்கு அர்த்தமில்லை. இரண்டு வழிகள் பழக்கத்தில் இருக்கின்றன. நிறுவனம் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் விண்டோஸ் கணினிகளில், எந்த மென்பொருள் எந்த எண்ணைக் குறிக்கலாம் என்பதைக் குழுக் கொள்கையாக நிர்வாகியே நிர்ணயிக்கலாம். பயனருக்கு அதை மாற்ற உரிமை இருக்காது. அந்தக் கணினிகளின் போர்ட்டை நம்பலாம். அல்லது குறியைப் பார்க்காமல் பாக்கெட்டையே பார்க்கலாம்: டீம்ஸின் ஒலி 50000 முதல் 50019 வரையிலான யுடிபி எண்களிலிருந்து கிளம்பும்படி நிர்வாகி அமைத்திருந்தால், சுவிட்ச் அவற்றைத் தானே கண்டு தானே 46 என்று எழுதிக்கொள்ளும். இதிலும் வேடம் போடலாம்தான். அதனால் அளவையும் சேர்த்துச் சோதிப்பது நல்லது. ஒரு குரல் அழைப்புக்கு 80 கிலோபிட் என்று கண்டோம். ஒரு போர்ட்டிலிருந்து 46 குறியோடு வருவது 128 கிலோபிட்டுக்குள் இருந்தால் விடு, மிஞ்சினால் மிஞ்சியதைச் சாதாரணமாக்கு என்று சுவிட்சுக்குச் சொல்லிவைக்கலாம். படம் இறக்குபவர் வேடமிட்டாலும் அவருக்குக் கிடைப்பது ஓர் அழைப்பின் அளவுதான். பொய்யைக் கண்டுபிடிக்கவே வேண்டாம், அதனால் கிடைக்கும் லாபத்தை எடுத்துவிட்டால் போதும். இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான்.

அலுவலகச் சுவரைத் தாண்டிப் பொது இணையத்தில் நுழையும்போது இந்தக் குறிகள் பெரும்பாலும் மதிப்பிழக்கின்றன. இணையச் சேவை நிறுவனங்கள் பல, வாடிக்கையாளர் எழுதி அனுப்பும் எண்களைத் தம் விளிம்பிலேயே துடைத்துவிடுகின்றன. யாரோ ஒருவரின் 46-ஐ நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லை. பணம் கொடுத்துத் தனி இணைப்பு வாங்கும் நிறுவனங்களுக்கு மட்டும் ஒப்பந்தப்படி இத்தனை மெகாபிட் வரை குறிகளை ஏற்கிறோம் என்பார்கள். இந்தியாவில் 2018 ஜூலையில் தொலைத்தொடர்புத் துறை ஏற்றுக்கொண்ட இணையச் சமநிலைக் கொள்கை, உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று சேவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. சொந்த அலுவலகத்துக்குள் குரலை முன்னே விடுவதற்கும் இதற்கும் முரண்பாடு இல்லை. அங்கே வயரும் நம்முடையது, காத்திருக்கும் ஃபைலும் நம்முடையது.

இத்தனை சந்தேகங்களுக்கும் வெளியே நிற்கும் ஒரு குறியும் இருக்கிறது. 2019-இல் வெளியான ஆர்எஃப்சி 8622, டிஎஸ்சிபி எண் 1-ஐ 'சாதாரணத்துக்கும் கீழே' என்ற வகைக்கு ஒதுக்கியது. பேக்கப்பும் மென்பொருள் புதுப்பிப்பும் தாமாகவே முன்வந்து, வயர் சும்மா இருந்தால் மட்டும் எங்களை அனுப்புங்கள், இல்லையென்றால் காத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம். முன்பு இதற்கு 8-ஐப் பயன்படுத்தி வந்தார்கள். அதில் சிக்கல் இருந்தது: முதல் மூன்று பிட்டை மட்டும் படிக்கும் பழைய ரவுட்டருக்கு 8 என்பது ஒன்றாம் நிலையாகத் தெரியும், அங்கே அது 0-ஐ விட உயர்ந்தது. பணிந்து நின்ற பாக்கெட்டை முன்னால் தள்ளிவிடும். 000001 என்பதில் முதல் மூன்று பிட்டும் பூஜ்யம் என்பதால், புரியாத கருவிகூட அதைச் சாதாரணமாக நடத்துமே தவிர உயர்த்திவிடாது. இந்த எண்ணோடு வரும் பாக்கெட்டை நம்பாத போர்ட்டிலும் தயங்காமல் நம்பலாம். பொய்யாக இதை எழுதிக்கொள்வதால் யாருக்கும் எதுவும் கிடைக்கப்போவதில்லை.